நாற்காலியில் இறங்கிய விமானம்

என் வீட்டுக்காரர் முடிவெட்டுகிறவர். கை சும்மா இருந்தாலும் இருக்கும், வாய் சும்மா இருக்காது. அதிலும் ஒரே பேச்சு. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் விமானத் திடல் இருந்ததாம், வித்தை காட்ட ஒரு விமானம் வந்து இறங்கியதாம், அதை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். இந்தக் கதையைக் கேட்காத தலை எங்கள் ஊரில் கிடையாது. எனக்கோ கல்யாணமான மறுநாளிலிருந்து அரைத்த மாவு.

அப்போது அவருக்கு நாலு வயது. அதே வருடம் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். ஒரு போட்டோ கூடக் கிடையாது. அப்பா என்று இவரிடம் இருப்பதெல்லாம் அந்தத் தோள் ஒன்றுதான். சொந்தக்காரர்கள், "நம்ம ஊர்ல ஏதுடா ஏரோப்ளேன்? கனவு கண்டிருப்பே" என்று சிரித்து அதையும் பிடுங்கப் பார்த்தார்கள். திடல் இருந்தது நிஜம் என்று ஆகிவிட்டால் தோளும் நிஜமாகிவிடும். இது புரிந்ததால்தான் நான் பல்லைக் கடித்துக்கொண்டு குடும்பம் நடத்தினேன்.

ஆனால் அவர் தேடிய லட்சணம் இருக்கிறதே! வயதானவர் யார் வந்து உட்கார்ந்தாலும் துணியைப் போர்த்தி, முகமெல்லாம் நுரையைப் பூசிவிட்டு, "பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே இறங்குச்சு? செவப்பு ரெக்கை, ரெண்டடுக்கு, ஞாபகம் இருக்கா?" என்பார். "ஓட்டு ஃபேக்டரி பக்கம்னு கேள்வி" என்று யாராவது இழுத்தால், "இல்லங்க, பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்று அப்போதே திருத்துவார். கழுத்தில் கத்தி இருக்கும்போது எவன் எதிர்த்துப் பேசுவான்?

போன மாதம், மறந்துபோன விமானத் திடல்களைத் தேடிப் புத்தகம் எழுதுகிறவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. சாட்சி சொல்ல மூன்று பெரியவர்களைக் கூட்டிவந்து வரிசையாக உட்காரவைத்தார். பழைய தபால்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாலத்துக்கு அந்தப் பக்கம். செவப்பு ரெக்கை. ரெண்டடுக்கு" என்றார். கடிகாரக் கடைக்காரரும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னார். மூன்றாமவரான பால்காரர் ஒரு படி மேலே போய், "ஒரு பொடியன் அப்பா தோள்ல உக்காந்து பாத்துட்டிருந்தான்" என்றார். நான் கொண்டுவந்த டீயைக் கொடுக்காமலே நின்றுவிட்டேன்.

வந்தவர் பேனாவை மூடினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மூணு பேரும் எங்க முடி வெட்டிக்கிறீங்க?"

மூவரும் ஒன்றாக என் வீட்டுக்காரரைக் கைகாட்டினார்கள்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரும் போன பிறகு, "அப்போ அது நடக்கவே இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"உங்க கடைக்கு வராத ஆளாப் பாத்துக் கேக்கணும்னு ஒருநாளாவது புத்தி வந்துச்சா? ஊர்ல பாதி பொம்பளைங்க. ஒருத்திகிட்டயாவது கேட்டீங்களா? உங்க சொந்த அத்தை இருக்காங்களே!"

அத்தை என்றால் அவர் அப்பாவின் தங்கை. ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான் வீடு. அப்பா இறந்த சமயத்தில் வந்த ஏதோ சண்டையில், அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று என் மாமியார் சொல்லியிருந்தார். மாமியாரே போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் இந்த உத்தமபுத்திரர் சொல் தவறவில்லை. மறுநாள் கடையைச் சாத்தவைத்து இழுத்துக்கொண்டு போனேன். "நீங்க வாயத் திறக்கக் கூடாது. நான்தான் கேப்பேன்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன்.

அத்தை பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். இவரை ஏற இறங்கப் பார்த்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார்.

"அத்த, இந்த ஊர்ல ஏரோப்ளேன் எப்பவாவது இறங்கியிருக்கா?" என்று கேட்டேன். வேறு ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை.

"ஏன் இறங்கல? இவனத் தோள்ல தூக்கிட்டுப் போனதே நான்தானே. அது போட்ட சத்தத்துல பயந்து என் கழுத்து வழியா மூத்திரம் பெஞ்சுட்டான் படுபாவி. புதுச் சட்டை எனக்கு!"

இவர் காது சிவந்துவிட்டது. "இத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல" என்று என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். அப்படியானால் இது இவர் ஊட்டாத சாட்சி. அப்புறம்தான் அவருக்கு மற்றது உறைத்தது.

"அப்பா வரலையா?"

"அவன் எங்க வர்றது? எழுந்து உக்காரவே முடியல. 'பாவம், புள்ள ஆசப்படுறான், நீ காட்டிட்டு வா'ன்னு அனுப்பினான். திரும்பி வந்து நீ ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு அவன் கட்டிலச் சுத்திச் சுத்தி ஓடினே. அதான் அவன் பாத்த ஏரோப்ளேன்."

திடல் எங்கே இருந்தது என்று கேட்கத்தானே இத்தனை பாடு? இவர் விலாவில் இடித்தேன். "எங்க இறங்குச்சுன்னு கேளுங்க!" அந்த மனிதர் காதில் அது விழவே இல்லை.

"அப்பா சிரிச்சாரா அத்த?" என்று கேட்டார்.

"சிரிக்காம? இருமல் வந்து நெஞ்சப் புடிச்சுக்கிற வரைக்கும் சிரிச்சான்."