உறைக்குள் மாறாத நீலம்

"பாக்கியம் போயிட்டா சார்." அவருடைய அக்கா ராணி தொலைபேசியில் சொன்னபோது, பாக்கியம் பாதி பூச்சோடு விட்டுப்போன பட்டாம்பூச்சிச் சிறகொன்று ஆய்வுக்கூடத்தில் என் முன்னால் இருந்தது. மாரடைப்பு. நான் பத்தாங் காலி ஊரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேலை செய்த எங்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். அந்தச் சிறகின் நீலம் சாயமல்ல. செதில்களின் நுண்ணிய இடைவெளிகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிகிற நிறம். இடைவெளியில் ஆவி புகுந்தால் நீலம் பச்சையாகும். முதன்முதலில் அப்படி ஆனபோது நாங்கள் கைதட்டினோம். பாக்கியம், "இத எங்கக்கா சட்டையில குத்திவிடணும்" என்றார். ராணி கோலசிலாங்கூர்ப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர். மூக்கில் ஏறும் மருந்தைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். பாக்கியத்தின் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

சிறகை ஒட்டிய, சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லைகளைத் தோட்டத்துப் பெண்களுக்குக் கொடுத்தோம். பச்சையானால் உடனே விலகிவிடச் சொன்னோம். அடுத்த வாரம் போனபோது ராணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நீலமாவே இருக்கு லா பாக்கியம். ஒண்ணும் ஆகல."

குனிந்து பார்த்தேன். புது சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறையைக் கழற்றாதவர்கள் நாம். இவ்வளவு அழகான பொருள் அழுக்காகக் கூடாதென்று எல்லாரும் வில்லையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஓரத்தை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டியிருந்தார்கள். காற்றே புகாத அந்த நீலத்தை நம்பி ராணி வாரம் முழுக்க மாஸ்க் போடவில்லை. பாக்கியம் திட்டவில்லை. அக்காவின் இருமலைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

உறையைப் பிரித்தோம். செம்பனைக்கு அடியில் இருந்த காலை ஈரத்துக்கே பச்சை வந்துவிட்டது. மருந்தா, பனியா என்று சிறகுக்குத் தெரியவில்லை.

"மூடினா பொய் சொல்லுது, தொறந்தா சும்மா பயமுறுத்துது. நான் என்னத்த பண்ண?" என்று திரும்பும் வழியில், காரில் பாக்கியம் கேட்டார். வில்லைகளை எல்லாம் திரும்ப வாங்கிவிட்டார். ஈரத்தை மட்டும் தடுக்கும் பூச்சைத் தேடியே அவருடைய மீதி வருஷங்கள் போயின. கிடைக்கவில்லை. இனி கிடைக்கும் என்று நானும் நம்பவில்லை.

காரியம் முடிந்த அன்று ராணி முந்தானையிலிருந்து ஒரு வில்லையை எடுத்துக் காட்டினார். உறை பிரிக்காதது.

"இத மட்டும் நான் குடுக்கல சார். நாளைக்கு வேலைக்குக் குத்திக்கிட்டுப் போவேன்."

"அது வேலை செய்யாதுக்கா."

"தெரியும் சார். தங்கச்சி செஞ்சது."

பாக்கியத்திடமிருந்து எனக்கு மிஞ்சியவை பாதி பூசிய அந்தச் சிறகும், காரில் அவர் கேட்ட கேள்வியும். இந்நேரம் ராணி மருந்து அடித்துக்கொண்டிருப்பார், நெஞ்சில் நீலம் மாறாமல்.