வெள்ளைத்துரை படத்துக்குக் கீழே பதினான்கு வரி

அச்சுக் கோர்க்கும் கம்பாசிட்டர் நல்லகாமனுக்குக் கையெழுத்துப் பிரதி தேவையில்லை என்று கீழமாசி வீதி அச்சகங்களில் ஒரு பேச்சு உண்டு. கல்யாணப் பத்திரிகையோ, கருமாதிப் பத்திரிகையோ, நாடக நோட்டீஸோ, பெயரும் தேதியும் சொன்னால் போதும். மிச்சத்தை எழுத்துப் பெட்டியின் முன்னால் நின்றபடியே கோர்த்துவிடுவார். உசிலம்பட்டிப் பக்கத்தில் நான்காம் வகுப்பு வரை படித்தவர். பதினாறு வயதில் மதுரைக்கு வந்து ஒரு வாரப் பத்திரிகையின் அச்சகத்தில் சேர்ந்தார். முப்பத்தொரு வருடம் அங்கேயே நின்றார். நின்றார் என்பதுதான் சரி. கம்பாசிட்டருக்கு நாற்காலி கிடையாது.

பக்கத்தில் நாலு வரி குறைகிறது என்று ஆசிரியர் மலையாண்டி கத்தினால், நல்லகாமன் நிரப்பிவிடுவார். வெந்தயத்தின் குணம், பஸ்ஸில் கேட்ட வேடிக்கை, கைக்கு வந்தது எதுவானாலும் சரி. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு அந்தப் பத்திரிகை சிறப்பிதழ் போடும். அதில் ‘கோடைக்கு ஒரு புத்தகம்’ என்று ஒரு பக்கம். விடுமுறையில் படிக்க என்ன நல்லது என்று ஊர் வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும் சொல்வார்கள்; இடம் மிஞ்சினால் பத்திரிகை ஊழியர்களும் சொல்லலாம். ஒரு பாத்திரக் கடைக்காரர் மூன்று வருடம் தொடர்ந்து ஒரே வேதாந்த நூலைச் சொன்னார். “முதல் பக்கத்தைத் தாண்டினீகளாண்ணே?” என்று நல்லகாமன் கேட்டதற்கு, “தாண்டியிருந்தா நான் ஏன்டா கடையில உக்காந்திருக்கேன்?” என்றாராம்.

1936ஆம் வருடச் சிறப்பிதழுக்கு முந்தைய நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். மிஷின்மேன் நூருல் அமீனும் நல்லகாமனும் எப்போதும்போல் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒன்பது வருடப் பழக்கம். அமீன் அதிகம் பேசாதவர், பேசினால் நல்லகாமனிடம்தான்.

“என்னண்ணே, ஆளாளுக்குப் புத்தகம் சொல்றாக. என்னை ஒருத்தரும் கேக்கலையே?”

“நான் கேக்குறேன் தம்பி, சொல்லு.”

“அது பேரு தெரியாத புத்தகம்ணே. அட்டை கிடையாது. கோடை லீவுல அத்தா எங்களை உக்கார வச்சு வாசிப்பாரு. முத்துக் குளிக்கப் போனவன் ஒருத்தன், மூணு வருசம் கழிச்சுத் தோணியில திரும்பி வாரான். கரையில ஒரே கூட்டம். அவனை வரவேற்க நிக்கிறாகளா, வீட்டுல எதுவும் எழவான்னு அவனுக்குத் தெரியல. தோணி கிட்ட வருது. அம்புட்டுத்தான், அதுக்கு மேல பக்கம் இல்ல.”

“கிழிஞ்சு போச்சா?”

“வாங்கும்போதே இல்லையாம். அதனால கோடைக்கு ஒரு முடிவு அத்தாவே சொல்லுவாரு. ஒரு வருசம் கல்யாணக் கூட்டம்பாரு, ஒரு வருசம் சந்தைக் கூட்டம்பாரு. சிரிச்சுச் சாவோம். கடைசி வருசம் படுத்துக்கிட்டே ஒரு முடிவு சொன்னாரு பாருங்க...” அமீன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அதை நாளைக்குச் சொல்றேண்ணே. ரோலர்ல மை காயுது.”

மறுநாள் காலை பக்கங்கள் எல்லாம் கோர்த்து முடுக்கியாயிற்று, ஒரே ஒரு இடத்தைத் தவிர. உசிலம்பட்டிப் பஞ்சு அரவை மில் முதலாளி வெள்ளைத்துரை தன் பரிந்துரையைக் காலை பஸ்ஸில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பஸ் வந்தது, காகிதம் வரவில்லை. தலைப்பாகையோடு அவர் படம் பிளாக் செய்து பக்கத்தில் ஏற்றியாகிவிட்டது. அதன் கீழே பதினான்கு வரிக்கு வெற்றிடம். மத்தியானத்துக்குள் இதழ் வெளியே போனால்தான் ஆற்றங்கரைத் திருவிழாக் கூட்டத்தில் விற்கும்.

“நல்லகாமா, எதையாச்சும் போடுப்பா!” என்றார் ஆசிரியர்.

நல்லகாமன் பெட்டியின் முன் நின்றார். கை தானாக ஓடியது. அட்டையில்லாத புத்தகம், முத்துக் குளிப்பவன், தோணி, கரையில் கூட்டம், வருடத்துக்கு ஒரு முடிவு. ‘அத்தா’ வருகிற இடத்தில் ‘என் தந்தையார்’ என்று கோர்த்தார். பதினான்காவது வரி கச்சிதமாக முடிந்தது. அமீனுக்கு இது வேடிக்கையாக இருக்கும், தன் கதையை அச்சில் பார்த்துச் சிரிப்பார் என்றுதான் நினைத்தாராம்.

அமீன் முதல் தாளை எடுத்து மையின் ஏற்றஇறக்கம் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

“ஓட்டலாமா?”

“ஓட்டு தம்பி.”

இரண்டாயிரம் பிரதியையும் நிறுத்தாமல் ஓட்டினார். சாப்பாட்டு நேரத்தில் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

அந்தப் பக்கத்திலேயே அதிகம் பேசப்பட்டது அந்தப் பதினான்கு வரிதான். பத்தாம் நாள் வெள்ளைத்துரை தன் காரில் அச்சகத்துக்கே வந்து இறங்கினார். வாயெல்லாம் பல்.

“ஏப்பா நல்லகாமா, எங்கப்பன் எனக்குப் புத்தகம் வாசிச்சானாமே! அந்த ஆளுக்குக் கைநாட்டு வைக்கவே ரெண்டு பேரு பிடிக்கணும். ஊரே கேக்குதுப்பா, கரையில ஏன் கூட்டம்னு. தாசில்தாரு சம்சாரம் ஆள் விட்டுக் கேக்குறாக. என்னப்பா முடிவு?”

நல்லகாமன் திரும்பி அமீனைப் பார்த்தார். அமீன் மிஷின் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்தக் கடைசி முடிவு...”

“முதலாளியோட தந்தையார் சொன்னதை முதலாளிதான் சொல்லணும். எனக்கு எப்படிங்க தெரியும்?” என்றார் அமீன். மிஷின் ஓடத் தொடங்கியது.

முதலாளி ஒன்றும் புரியாமல் சிரித்தார். நல்லகாமனுக்கு, ‘அண்ணே’ இருந்த இடத்தில் வந்த அந்த ‘ங்க’ போதுமானதாக இருந்தது.

அன்று மாலையே ஆசிரியரிடம் போய், அது அமீன் சொன்னது என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடலாமா என்று கேட்டார். “முதலாளி பேரை எடுத்துட்டு மிஷின்மேன் பேரைப் போட்டா, நீயும் நானும் அழகர்கோவில் மலையில குரங்குக்குக் கடலை விக்கணும்ப்பா” என்றார் ஆசிரியர். நல்லகாமன் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை சொன்னார்.

அடுத்த கோடையில், ஊழியர்களுக்கான இடத்தில் ‘நூருல் அமீன், மிஷின்மேன்’ என்று பெயரை முதலில் கோர்த்துவைத்துவிட்டு அவரிடம் போனார்.

“ஒரு புத்தகம் சொல்லு தம்பி. உன் பேர்லயே வரும்.”

“நான் புத்தகம் படிக்கிறதில்லீங்க.”

பெயரைப் பிரித்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டார். அந்த இடத்தில் ஒரு சோப்பு விளம்பரம் வந்தது.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அதன் பிறகு இன்னும் ஒன்பது வருடம் இருவரும் பத்தடி தூரத்தில் வேலை பார்த்தார்கள். “பக்கம் ரெடிங்களா?” “ரெடி.” “மை கம்மியா இருக்குங்களா?” “சரியா இருக்கு.” யுத்தம் வந்தது, காகிதம் சுருங்கியது, சிறப்பிதழ் நின்றது. காகிதக் கட்டுகளின் மேல் நல்லகாமன் தனியாகச் சாப்பிட்டார்.

1945இல் அமீனுக்கு மூச்சிரைப்பு முற்றியது. கோச்சடையில் இருந்த அவர் வீட்டுக்கு நல்லகாமன் இரண்டு முறை போனார். “வாங்க, உக்காருங்க” என்று மரியாதையாகச் சொன்னார் அமீன், டீ வந்தது. மன்னிப்பு கேட்கத்தான் போனார். ஆனால் வாயைத் திறந்தால் அந்த முடிவைக் கேட்டுப்போக வந்ததாக அமீன் நினைத்துவிடுவாரோ என்று பயம். இரண்டு முறையும் காகித விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். மூன்றாம் முறை போகும்போது அடக்கம் முடிந்திருந்தது.

நாற்பது நாள் கழித்து, அச்சகத்தில் கிடந்த அமீனின் தூக்குச் சட்டியைக் கொடுக்கப் போனார். அமீனின் மனைவி ஜெயினம்பு கதவுக்குப் பின்னால் நின்று பேசினார்.

“நல்லகாமண்ணே, நீங்களா வந்திருக்கீக? அவுக வாயில உங்க பேருதான் வரும். ‘பிரஸ்ஸுல கதை கேக்குற ஆளு அவரு ஒருத்தருதான்’ம்பாக. வீட்டுல எங்ககிட்ட அதிகம் சொன்னதில்ல.”

நல்லகாமன் தூக்குச் சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“எம்மக பக்ருன்னிசா அந்த அட்டையில்லாத புத்தகத்தை வச்சுக்கிட்டு ஒரு வாரமா அழுகுறா. கடைசிப் பக்கம் இல்லையாம். ‘பாட்டன் சொன்ன முடிவு அத்தாவுக்குத் தெரியும், அத்தா நல்லகாமு மாமாட்ட சொல்லிருப்பாக’ன்னு சொல்றா. அந்தக் கூட்டம் ஏன் நிக்குதுண்ணே? நீங்களாச்சும் சொல்லுங்க, பிள்ளைட்ட சொல்றேன்.”

கதவிடுக்கில் பத்து வயதுப் பெண் ஒன்று புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது. ஒரு முடிவைச் சொல்வது அவருக்குக் கஷ்டமே இல்லை. எத்தனை வரி வேண்டும் என்றால் அத்தனை வரிக்கு, அங்கேயே நின்றபடி கோர்த்திருப்பார்.

“எனக்கும் சொல்லலைம்மா” என்றார். “நாளைக்குச் சொல்றேன்னாரு.”

சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தார். கோச்சடையிலிருந்து கீழமாசி வீதிவரை அன்று அவர் பஸ் ஏறவில்லை.

நான் அந்தப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தது அடுத்த வருடம். காகிதம் மறுபடி கிடைத்து, ‘கோடைக்கு ஒரு புத்தகம்’ பக்கம் என் பொறுப்பில் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் சொன்னதெல்லாம் போட்ட பிறகும் ஆறு வரி காலியாக இருந்தது. நல்லகாமனிடம் எதையாவது போடச் சொன்னேன். முடியாது என்றார். அந்த ஆறு வரியும் வெள்ளையாகவே இதழ் வெளியே போயிற்று.