கறை படியாத தட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு எவர்சில்வர் தட்டு கிடக்கிறது. பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு நீட்டுகிற சாதாரணத் தட்டுதான். அதன் விளிம்பில் ஒட்டிய காகிதத்தில் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் தன் தெருப் பெயரைக் கோணல்மாணலாக எழுதியிருக்கிறாள். ஆறு வருடங்களாக இதைச் சாட்சியாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன், எங்கள் தலைமை ஆசிரியைக்கு எதிராக.

ஆம்பூரை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளி எங்களுடையது. அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் ஊரே கூப்பிடும். அந்த வருடக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதற்கு முன் பிள்ளைகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்த ஆசைப்பட்டார். ஒரு பக்கம் பாட்டும் நாடகமும், ஒரு பக்கம் களிமண் பொம்மைகளும் ஓவியங்களும். அறிவியல் என் பொறுப்பு. ஒவ்வொரு தெருப் பிள்ளையும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஒரு டம்ளர் அளந்து தட்டில் ஊற்றி, மொட்டைமாடி வெயிலில் மேலே வலை விரித்து வைத்துவிட வேண்டும். தண்ணீர் வற்றியதும் தட்டில் தங்குகிற உப்பைப் பார்த்து எந்தத் தெருவில் உப்பு ஜாஸ்தி, எதில் கம்மி என்று பிள்ளைகளே சொல்வார்கள். கேட்டதும் பெரிய டீச்சர் முகம் சுருங்கியது. பந்தல் போட்டுத் தருகிற சிறப்பு விருந்தினர் ஒரு டேனரி முதலாளி; தோல் பதனிடும் கழிவால்தான் ஊர்த் தண்ணீர் கரிக்கிறது என்று பேச்சு. "வர்றவரு மனசு நோகப் போவுதும்மா, யோசிச்சுக்கோ" என்றார். அப்போதே எனக்குள் சந்தேகம் விழுந்துவிட்டது.

விழாவுக்கு முந்தைய நாள் சாயங்காலம், மாடிப்படியில் அவர் தனியாக இறங்கி வந்ததைப் பார்த்தேன். மாடிக் கதவுச் சாவி அவரிடம்தான் இருக்கும். கை ஈரமாக இருந்தது. என்னைக் கண்டதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் தட்டுகளைக் கீழே இறக்கினோம். எல்லாத் தட்டிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது, ஒன்றைத் தவிர. டேனரிக்குப் பின்தெருவிலிருந்து வந்த தட்டு கழுவி வைத்தது போலப் பளபளத்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். "நம்ம பக்கத்து தண்ணி சோக்கா கீதே!" என்று உடன் வந்தவர்களிடம் தூக்கிக் காட்டினார். தட்டுக்காரச் சிறுமி, தன் தெருதான் ஃபர்ஸ்ட் என்று குதித்தாள். நான் பெரிய டீச்சரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பெரிய டீச்சர்தான் அந்தத் தட்டைக் கழுவி வைத்துவிட்டார் என்று அன்று மதியமே சக ஆசிரியைகளிடம் சொன்னேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. பொய். வேண்டுமென்றேதான் சொன்னேன். பேச்சு பெற்றோர் காதுக்கும் போனது. இருபது வருடம் அந்தப் பள்ளியில் பாடம் நடத்தியவர், கடைசி நாளன்று ஒரு கைப்பையோடு தனியாகக் கேட்டைத் தாண்டிப் போனார். மாலை இல்லை, வழியனுப்பு விழா இல்லை. நான் வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வாய்ப்பாடு நடத்தினேன்.

இன்று அவருடைய தலைமை ஆசிரியை நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வருடம் அதே சோதனையை மறுபடி வைத்தேன். யாரையும் நம்பாமல் மாடிச் சாவியை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். தட்டில் ஊற்றுமுன் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பின்தெருத் தண்ணீரைக் கொண்டு வந்தவள் பழைய தட்டுக்காரியின் தங்கை. அது கரிக்கவே இல்லை. இந்தப் பொடிசுக்கு யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"இது எந்தத் தண்ணி?"

"கேன் தண்ணி மிஸ்."

"உங்க வீட்டுக் கொழாயில புடிச்சாரச் சொன்னேனில்ல?"

அவள் என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "வெளியாளுங்க வந்து பாப்பாங்கன்னு சொன்னீங்களே மிஸ். வர்றவங்களுக்கு யாராச்சும் கொழா தண்ணி குடுப்பாங்களா? அக்காவுக்கும் அம்மா கேன் தண்ணிதான் ரொப்பிக் குடுத்துச்சாம். அதான் ஃபர்ஸ்ட் வந்துச்சுன்னு இன்னும் சொல்லிக்கினே கீறா."

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வீட்டார் எதைக் குடித்தாலும் வந்தவர்களுக்குக் கேன் தண்ணீர்தான். என் வீட்டிலும் அப்படித்தான். அந்த அக்காவிடம் அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியில் இருக்கும் பெரிய டீச்சர் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முடித்ததும், "அந்தப் பொண்ணு இப்ப எந்த க்ளாஸ் படிக்கிது?" என்று கேட்டார். ஒன்பதாவது என்றேன். "நல்லா படிக்கிறாளா?" என்றார். பிறகு நானே மாடிப்படி விஷயத்தைக் கேட்டேன்.

"காக்கா தட்டக் கவுத்துடுமேன்னு வலை மேல கல்லு வெச்சுட்டு வந்தேன். கையெல்லாம் மண்ணு, கழுவிக்கினேன்" என்றவர் தொடர்ந்தார்: "அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா. ஒருத்தர் கூட என்னை வந்து கேக்கல."

வலையின் நாலு மூலையிலும் கல் இருந்தது. அன்று தட்டுகளை இறக்கும்போது நானேதான் அவற்றை எடுத்துப் போட்டேன். யார் வைத்தது என்று யோசிக்கவில்லை.

எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். ஒரு வாய் குடித்ததும் கரித்தது. குழாய்த் தண்ணீர். தண்டனையா, இல்லை நான் விருந்தாளி இல்லை என்கிற உரிமையா? மனம் வழக்கம்போல் துப்பறியக் கிளம்பியது. அதை அடக்கிக்கொண்டு, "கேன் தண்ணி இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"கேன்காரன் ரெண்டு நாளா வரலம்மா" என்றார்.

கண்காட்சிக்கு நீங்கள்தான் சிறப்பு விருந்தினர் என்று அழைத்துவிட்டு வந்தேன். பார்க்கலாம் என்றார். நேற்று கண்காட்சி நடந்தது. பிள்ளைகள் ஆடினார்கள், பாடினார்கள், உப்புத் தட்டுகளைக் காட்டி விளக்கினார்கள். கூடியிருந்த பெற்றோர்களிடம் மைக்கைப் பிடித்து என் தப்பைச் சொன்னேன். முன்வரிசை நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது.

கோபமா, உடம்புக்கு முடியவில்லையா, பஸ் கிடைக்கவில்லையா? நானாக ஒரு காரணம் கட்டிவிடுவதற்குள் வாணியம்பாடிக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும். இழுப்பறையிலிருந்து தட்டை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். இது இப்போது அவர் பக்கத்துச் சாட்சி; இருக்க வேண்டியது அவரிடம்தான்.