ரவை போட்ட ரிவோல்வர்

பக்கவாதம் வந்து பேச்சுப் போனபோது பாலேந்திராவிடம் ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் சொல்லும் ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது. ஓம். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் ஓம். வேண்டாமா என்று கேட்டாலும் ஓம். பார்க்க வந்த தூரத்து உறவினர் ஒருவர், அவர் அத்தனை அமைதியாக ஓம் சொல்வதைக் கேட்டு, மனுசனுக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று கைகூப்பிவிட்டுப் போனார். அது ஞானம் இல்லை, மூளையில் அடைத்த இரத்தக்கட்டி என்பது மனைவி தவமலருக்குத் தெரியும்.

லண்டனில் தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருவரும் நெடுங்காலம் பத்திரிகைக் கடை நடத்தியவர்கள். கடையில் பாலேந்திரா வாயை மூடியதே கிடையாது. கிரிக்கெட், கவுன்சில் வரி, வாடிக்கையாளரின் நாய், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு அபிப்பிராயம் இருந்தது. நோய் வந்ததும் கடையை விற்றார்கள். வீடு முழுக்க மௌனம் வந்து உட்கார்ந்துகொண்டது. மகள் தக்ஷிகா ஹரோவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வந்து தகப்பனோடு இருப்பாள். அந்தக் காலைப்பொழுது ஒன்றுதான் தவமலருக்குச் சொந்தம். முதலில் அதையும் சமையலறையை உரஞ்சிக் கழுவுவதிலேயே செலவழித்தார்.

இரண்டு வீடு தள்ளி வான்மதி இருந்தார். ஈப்போவிலிருந்து சட்டம் படிக்க வந்து, குரோய்டனில் வழக்கறிஞராகிவிட்ட மலேசியத் தமிழ்ப் பெண். பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தால் இலவசமாக சாண்ட்விச் கிடைக்கும் என்று சேர்ந்தவர், சாண்ட்விச்சை மறந்து துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார். இந்த நாட்டில் சாதாரணக் கைத்துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கிடைக்காது. ஆனால் மிகப் பழைய முறையில், வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் ஒவ்வொரு அறையாக முன்பக்கத்திலிருந்து நிரப்பிச் சுடும் ரிவோல்வருக்கு, போலீஸ் விசாரித்து உரிமம் கொடுப்பார்கள். அப்படி ஒன்று வான்மதியிடம் இருந்தது. ஒரு ஞாயிறு, தவமலரைக் கட்டாயப்படுத்தி காரில் ஏற்றினார். சும்மா காற்று வாங்கிவிட்டு வரலாம், கிளப்பில் நல்ல தேநீர் கிடைக்கும் என்றார். என்ன கிளப் என்று சொல்லவில்லை.

குரோய்டனைத் தாண்டி, லண்டன் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், ஒரு பழைய சுண்ணாம்புக் குழிக்குள் இருந்தது அது. முதல் வெடிச் சத்தம் கேட்டதும் தவமலர் கார்க் கதவுக்குப் பின்னால் குந்திவிட்டார். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை. நவம்பரில் ஊர் முழுக்க வாணம் விடும் வாரத்தில், சத்தம் கேட்காதபடி குளியலறைக்குள் காற்றாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர்.

வான்மதி வந்து பக்கத்தில் தானும் குந்தினார். வீட்டுக்குப் போய்விடலாம், தப்பு என்னுடையதுதான் என்றார். தவமலர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எப்பவும் அங்காலப் பக்கம்தான் நிண்டிருக்கிறன்," என்றார். "ஒருக்கா இஞ்சாலப் பக்கம் நிண்டு பாப்பமே."

காதுக் கவசத்தை மாட்டி, கண்ணாடி போட்டு, பொறுப்பாளர் டெரிக் என்ற வயதான ஆங்கிலேயர் பக்கத்தில் நிற்க, கிளப்பின் ரிவோல்வரை இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டார். பெரிய வெள்ளைப் புகைமூட்டம் எழுந்து அவரையே மறைத்துவிட்டது. புகை கலையும்போது உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. யார் சிரிப்பது என்று முதலில் அவருக்கே விளங்கவில்லை. குண்டு இலக்கில் படவில்லை, பக்கத்து இலக்கிலும் படவில்லை. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. வீடு வரும்வரை சிரித்தார். மகளிடம் உடற்பயிற்சி கிளப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார். சுடுவதைவிட நிரப்புவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், நிரப்பும் நேரமெல்லாம் கதை. வெடிமருந்து ஊற்றியபடி டெரிக் தன் இடுப்பு மாற்று அறுவைச் சிகிச்சையைச் சொல்வார். ஈயக்குண்டை வைத்து நெம்பி இறுக்கியபடி வான்மதி, ஈப்போவில் இருக்கும் அம்மா தன்னை யாரென்று கேட்டதைச் சொல்வார். குண்டு எந்த அளவு இருந்தால் அறைக்குள் இறுக்கமாக உட்காரும் என்ற பேச்சு, யாருடைய இரத்தக் குழாய்க்குள் எத்தனை ஸ்டென்ட் இருக்கிறது என்று முடியும். மருந்துக் குளிசையும் குண்டும் மாறி மாறி வந்ததில், புதிதாக வந்த ஒருவர், காலையில் வெறும் வயிற்றில் போடவேண்டியது எது என்று குழம்பிப்போனார். குண்டின் மேலே பூசும் கொழுப்பில் மாட்டுக்கொழுப்பு இருக்கிறது என்று அறிந்த தவமலர் அதைத் தொட மறுத்து, தேன்மெழுகையும் நல்லெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சித் தானே ஒன்று செய்துகொண்டு போனார். அது நன்றாகவே வேலை செய்தது. டெரிக் தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் வெடித்த குதிக்காலுக்குப் பூசினார், அதுவும் ஆறியது.

இன்னொரு பொருளும் தேவைப்பட்டது. வெடிமருந்தைக் குறைவாகப் போட்டால் அறைக்குள் இடம் மிஞ்சும், குண்டு ஆழத்தில் போய் உட்கார்ந்துவிடும். அந்த இடத்தை நிரப்ப எல்லோரும் ரவை போடுவார்கள். உப்புமாவுக்குப் போடும் அதே ரவை.

ஒரு வெள்ளிக்கிழமை தவமலர் குகநாதனின் பலசரக்குக் கடையில் நிற்கும்போது வான்மதி போன் எடுத்தார். ரவை முடிஞ்சிருச்சு அக்கா, வாங்கிட்டு வந்திடுங்க என்றார். கடை இரைச்சலில் தவமலருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுச் சத்தமாகக் கேட்டார்:

"ரிவோல்வருக்கு எந்த ரவை வேணும்? வறுத்ததோ, வறுக்காததோ?"

கடை அப்படியே அடங்கிப்போனது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் ரிவோல்வரோடு ரவை என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. துப்பாக்கிக்குள் போடும் குண்டுக்கும் அதே சொல்தான். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா பையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். குகநாதன் கல்லாவை விட்டு இறங்கி வந்து மெல்லிய குரலில், ஏதும் பிரச்சினையோ அக்கா என்று கேட்டார். தவமலர் பதறிப்போய், ஒன்றுமில்லை தம்பி, உப்புமா ரவைதான் என்றார்.

"உப்புமாவுக்கு ஏனக்கா ரிவோல்வர்?" என்றார் குகநாதன்.

தவமலர் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த விஷயம் மோசமாகிக்கொண்டே போனது. கடைசியில் இரண்டு பைக்கட் ரவையை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தார். அதற்குள் செய்தி ஹரோ போய்விட்டது. அம்மா ஆயுதம் வாங்குகிறார் என்று தக்ஷிகாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் அலுவலகத்திலிருந்தே போன் எடுத்து அழுதாள், பிறகு ஏசினாள். ஸ்ட்ரோக் வந்த மனுசன் இருக்கிற வீட்டிலிருந்து போய்த் துவக்குச் சுடுகிறாயா, நீ சுடப் போவதற்காக நான் இனி ஞாயிறுகளில் வந்து அப்பாவைப் பார்க்கமாட்டேன் என்று முடித்தாள்.

தவமலருக்கு அந்த வார்த்தை சுட்டது. சனிக்கிழமை முழுக்க யோசித்தார். போகாமல் விட்டுவிடலாம், மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஞாயிறு விடிந்ததும் மனம் கேட்கவில்லை. கணவரின் சட்டையை மாற்றி, தொப்பி போட்டு, வான்மதியின் காரில் முன்சீட்டில் இருத்திவிட்டு, தான் பின்னால் ஏறினார். "நீங்களும் வாங்கோவன் அப்பா," என்று மட்டும் சொன்னார். பாலேந்திரா ஓம் என்றார்.

கிளப்பில் அவருக்கு நல்ல வரவேற்பு. டெரிக் தன் சொந்த நாற்காலியைக் கொண்டுவந்து நிரப்பும் மேசைக்குப் பக்கத்தில் போட்டார். இரண்டு கிழவர்கள் தங்களுக்கும் ஸ்ட்ரோக் வந்ததை அவரிடம் விரிவாகச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்ல, இவ்வளவு பொறுமையாகக் கேட்கும் மனிதரைக் கண்டதில்லை என்று அவர்கள் மகிழ்ந்துபோனார்கள்.

தவமலர் வேலையைத் தொடங்கினார். வெடிமருந்தை ஊற்றினார். பைக்கட்டைப் பிரித்துச் சின்னக் கரண்டியால் ரவையை அள்ளி ஒவ்வொரு அறைக்குள்ளும் போட்டார். பாலேந்திரா குனிந்து பார்த்தார். பைக்கட்டைப் பார்த்தார். மறுபடி ரிவோல்வரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ முட்டி மோதியது.

"இஞ்சேர்," என்றார். "உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே? ரவையை ஏன் துவக்குக்குள்ள போடுறாய்?"

மேசையைச் சுற்றி நின்றவர்களில் தவமலரைத் தவிர வான்மதிக்கு மட்டும்தான் தமிழ் தெரியும். பேசியது யார் என்பதை உணராமலே, அவர் வாய்ப் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டார்.

"ரவையைத் துப்பாக்கில போடாம வேற எதுல போடுவாங்க அண்ணே?"

பாலேந்திரா அவரைப் பார்த்தார். சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குள் இறங்குவது முகத்தில் தெரிந்தது. வாயின் ஒரு பக்கம் முதலில் கோணியது. பிறகு மற்றப் பக்கம். பிறகு தோள் குலுங்கியது. தொப்பி விழ, கண்ணில் தண்ணீர் வர, கடைக் காலத்தில் சிரித்த அதே கொக்கரிப்புச் சிரிப்பு வந்தது.

தவமலருக்குப் பாய்ந்து போய் அவரைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. கையிலோ பாதி நிரப்பிய ரிவோல்வர். அதை அப்படியே போட்டுவிட்டு ஓடினால் கிளப்பை விட்டே நிறுத்திவிடுவார்கள். குழல் இலக்குகளுக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டைப் பார்க்கும்படி அதை மேசையில் வைத்தார். டெரிக்கைப் பார்த்து, என் கணவர் பேசிவிட்டார், நான் போகலாமா என்று ஆங்கிலத்தில் அனுமதி கேட்டார். டெரிக்குக்கு விஷயம் உடனே பிடிபட்டது. எல்லோரையும் சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அந்த அமைதியில் தவமலர் போய்க் கணவரின் காலடியில் முழந்தாளிட்டு, இன்னொருக்கா ஏசுங்கோ என்றார்.

அவர் ஏசினார். சொற்கள் உடைந்தும் கோணியும் வந்தன, ஆனால் வந்தன. விசரி, ரவை, காசைக் கரியாக்கிறாய். டெரிக் அங்குமிங்கும் நடந்து மூக்கைச் சிந்தினார். என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்டபோது வான்மதிக்கு மொழிபெயர்க்க முடியவில்லை. ஆங்கிலத்தில் அந்த இரண்டு பொருளுக்கும் வெவ்வேறு சொல். அதை விளக்கப்போய் அவரும் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தவமலர் அங்கிருந்தே மகளுக்குப் போன் எடுத்து, போனைக் கணவரின் காதில் வைத்தார். மறுமுனையில் தக்ஷிகா இன்னமும் கோபத்தோடுதான் ஹலோ என்றாள். பாலேந்திரா கொஞ்சம் திணறி, "பிள்ளை, சாப்பிட்டியே?" என்றார். இன்னொருக்கா கேளுங்கோ அப்பா என்றாள் அவள்.

அடுத்த சந்திப்பில் ஸ்பீச் தெரபிஸ்ட், பேச்சு எந்தச் சூழ்நிலையில் வந்தது என்று கேட்டார். தவமலர் தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் சொல்லும்படி மகளைப் பார்த்தார். அம்மா, இதை நான் எப்பிடி இங்கிலீசில சொல்லுறது என்று தக்ஷிகா தலையில் கைவைத்தாள். சொன்னாள். தெரபிஸ்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு, ரிவோல்வரா என்று கேட்டார். பிறகு, திடுக்கிடும்போதும் கோபப்படும்போதும் சிலருக்குச் சொல் வழி திறக்கும், தொடர்ந்து பேசவைக்க வேண்டும் என்றார். எல்லாம் ஒரேயடியாகச் சீராகிவிடவில்லை. மறுவாரம் மூன்று நாள் வெறும் ஓம்தான். தவமலர் வேண்டுமென்றே சோற்றில் உப்பைக் கூட்டிப் போட்டார், சொற்கள் திரும்பி வந்தன. ஏசுவதற்குத்தான் அவருக்கு முதலில் வசனம் வந்தது. தவமலருக்கு அந்த ஏச்செல்லாம் தேனாக இருந்தது.

தக்ஷிகா தன் சபதத்தை மறந்துவிட்டாள். இப்போது அவளும் பிள்ளைகளும் சில ஞாயிறுகளில் கிளப்புக்கே வருகிறார்கள்.

இந்த வசந்தத்தில் தவமலர் சொந்த ரிவோல்வருக்கு விண்ணப்பித்தார். போலீஸ் திணைக்களத்திலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். இரும்புப் பெட்டி எங்கே பூட்டப்படும் என்று பார்த்தார், சுவரைத் தட்டினார், நோய் நொடிகளைப் பற்றி விசாரித்தார். பிறகு பாலேந்திராவின் பக்கம் திரும்பி, வீட்டில் மனைவி துப்பாக்கி வைத்திருப்பது உங்களுக்குச் சம்மதமா, பயம் ஏதும் உண்டா என்று கேட்டார்.

பாலேந்திரா நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய கடைக்கார ஆங்கிலம் ஒவ்வொரு சொல்லாக வெளியே வந்தது. இவளுக்குத் துப்பாக்கி தேவையில்லை, கரண்டியோடேயே போதுமான ஆபத்து, ஆனால் ஞாயிற்றுக்கிழமை இவள் வீட்டுக்குச் சந்தோசமாக வருகிறாள், கொடுத்துவிடுங்கள் என்றார். அந்தப் பெரிய வசனத்தைச் சொல்லி முடித்ததில் களைத்துப்போய்த் தண்ணீர் கேட்டார்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். தவமலர் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனவர், அங்கேயே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண் துடைத்துவிட்டு, அதிகாரிக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டார்.