யாரோ ஏறினால் படகு சாயும்

இங்கிலாந்துக்கு நான் போனதில்லை. ஆனாலும் அங்கே ஓடும் ஒரு கால்வாயில் எந்தப் பாலத்துக்கு அடுத்து எந்தப் பாலம் வரும், குடிதண்ணீர்க் குழாய் எந்தக் கரையில் இருக்கிறது, எந்த வளைவில் படகு தரைதட்டும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். யாங்கோனில், தாமுவே பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் ஜன்னலோரம் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, அந்தக் கால்வாய்க் கரையில் இருக்கும் ஒரு சின்னப் படகுத்துறைக்கு வருகிற போன்களை நாலு வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படகுகளை நேரோபோட் என்பார்கள். அகலம் ஏழடிதான். நீளம் மட்டும் ரயில் பெட்டி மாதிரி. உள்ளே அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருக்கும். விடுமுறைக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. சொந்தமாக வாங்கி அதிலேயே குடியிருப்பவர்களும் உண்டு. பழுது என்றால் எனக்குத்தான் முதல் போன் வரும். நான் விவரம் கேட்டு எழுதி மெக்கானிக்குக்கு அனுப்புவேன். அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் எனக்குப் பிற்பகல்.

எங்கிருந்து பேசுகிறாய் என்று யாராவது கேட்டால் 'ஆபீஸிலிருந்து' என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார் படகுத்துறையின் முதலாளியம்மா. அதனால் திரையில் அந்த ஊர் வானிலையைத் திறந்தே வைத்திருப்பேன். "அங்கேயும் மழையா?" என்று கேட்டால், "ஆமாம், விடவேயில்லை" என்பேன். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் காக்கை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

சொந்தப் படகிலேயே குடியிருந்த ஒரு பெரியவர் முதலில் போன் செய்தது, படகைத் தள்ளும் அடிவிசிறியில் ஏதோ சுற்றிக்கொண்டது என்று சொல்லத்தான். கையை விட்டு ஒரு பழைய சேலை அளவுக்குத் துணியை வெளியே எடுத்தாராம். அடுத்த வாரம் என்ஜின் சூடாகிறது என்றார். அதற்கடுத்த வாரம் பழுது எதுவும் இல்லை. சும்மா பேசினார். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று அவரும் மனைவியும் வாங்கிய படகு. நிரந்தரமாக நிறுத்த இடம் இல்லாத படகு ஒரே இடத்தில் பதினாலு நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே இருவரும் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். இரண்டாம் வருஷம் மனைவி போய்விட்டார். அவர் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் அவர் சொன்னார்: "ஒரு பழுது சொல்லணும். சிரிக்கக்கூடாது."

"சொல்லுங்க சார்."

"காலையில ஏழு மணி வாக்கில படகு இடது பக்கம் லேசா சாயுது. ஒரு தடவை. அப்புறம் நிமிர்ந்துடுது."

"பக்கத்துல வேற படகு போகுதா?"

"இல்ல. யாராவது கரையிலிருந்து ஏறினா சாயுமே, அந்தச் சாய்வு."

நான் சிரிக்கவில்லை. 'காலையில் இடப்பக்கம் சாய்கிறது' என்று பதிவில் எழுதி அனுப்பினேன். மெக்கானிக் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அடியில் பாரத்துக்கு வைத்திருக்கும் கற்களைப் பார்த்தார். 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

பிறகுதான் பெரியவர் முழுக் கதையையும் சொன்னார். மனைவி தினமும் காலையில் கரைப்பாதையோடு நடந்து போய்ப் பால் வாங்கி வருவாராம். அவர் உள்ளே அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பார். மனைவி ஏறினால் படகு சாயும். திரும்பிப் பார்க்காமலே, "பால் கொண்டு வந்தியா?" என்பார். ஒரு வளைவில், கல்பாலம் ஒன்றுக்குப் பக்கத்தில் படகு நின்றிருந்தபோது, பால் வாங்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை. அப்புறம் படகு சாய்ந்தது. "பால் கொண்டு வந்தியா?" என்றார். திரும்பிப் பார்த்தால் கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாத ஓர் ஆள் நிற்கிறார். பாதையில் விழுந்து கிடந்த அம்மாளைப் பார்த்துவிட்டுச் சொல்ல வந்தவர்.

"இப்ப சாயும்போது எழுந்து போய்ப் பார்ப்பீங்களா?" என்று கேட்டேன்.

"முதல்ல பார்த்தேன். பார்த்தா யாரும் இல்ல. அதனால இப்பல்லாம் பார்க்கிறதில்ல. திரும்பாம நிக்கிற வரைக்கும் அவ இருக்கா."

போனை வைத்தபின் நான் வெகுநேரம் வேறு அழைப்பை எடுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் இது நடந்துகொண்டிருந்தது. என் அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன்னால் எல்லைப் பக்கம் போகிறேன் என்று போனவன். எல்லை ஊரிலிருந்து ஒரே ஒரு தடவை பேசினான். பிறகு சத்தமே இல்லை. சாயங்காலம் படிக்கட்டில் ஆட்கள் ஏறுகிற சத்தம் கேட்கும். எல்லாரும் மேல்மாடிக்காரர்கள். அம்மா கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவாள். "இது அவன் நடை" என்பாள். முதல் வருஷம் ஓடிப்போய்க் கம்பிக்கதவைத் திறப்பாள். இப்போது திறப்பதில்லை. செருப்புச் சத்தம் நாலாம் மாடிக்குப் போய்ச் சேரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

அந்த மாதம் அம்மா அண்ணனுக்காக நேர்ந்துகொண்டு கியாக்தானில் ஆற்றுக்கு நடுவில் இருக்கும் கோயிலுக்குப் போகலாம் என்றாள். பஸ்ஸில் போய் இறங்கி, துறையில் படகுக்கு நின்றோம். படகில் கால் வைத்தே பல வருஷம் ஆகிவிட்டது எனக்கு. முதல் காலைப் பலகையில் வைத்தேன். படகு என் பக்கம் இறங்கியது. உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பர்மியக் கிழவி, திரும்பாமலே நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். யாரோ ஏறியிருக்கிறார்கள் என்று அவள் உடம்புக்கே தெரிந்திருந்தது. இதற்குத்தான் பெரியவர் காத்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

அடுத்த போனில் உண்மையைச் சொன்னேன். "சார், நான் இங்கிலாந்துல இல்ல. யாங்கோன்ல இருக்கேன். உங்க மாதிரிப் படகைக் கண்ணால பார்த்ததுகூட இல்ல."

"அப்ப மழை?" என்றார்.

"திரையில பார்த்துச் சொன்னேன்."

அவர் சிரித்த சத்தத்தில் போன் கரகரத்தது. அன்றிலிருந்து எங்கள் ஊரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். போட்டாதாங் துறையிலிருந்து கிளம்பும் படகுகள் எவ்வளவு பெரியவை, ஆறு என்ன நிறம் என்று கேட்பார். அண்ணனைப் பற்றியும் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, திறக்காம இருக்கிறது தப்பில்ல" என்றார். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் எங்கள் தெருவில் நாலு நாள் மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை. "மீ வந்துருச்சா பாரு" என்று அம்மா மணிக்கொரு தடவை ஸ்விட்சைத் தட்டச் சொல்வாள். மின்சாரத்துக்குப் பர்மியச் சொல் மீ. ஐந்தாம் நாள் மீ வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் பெரியவரிடமிருந்து மூன்று குரல் பதிவுகள். முதலாவதில், கல்பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன் என்றார். இரண்டாவதில், பதினாலு நாள் முடிகிறது, கிளம்ப மனமில்லை, அனுமதி கேட்க முடியுமா என்றார். மூன்றாவதில் என்னோடு பேசவேயில்லை. போட்ட போனை அணைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. தண்ணீர் கொதிக்கிற சத்தம். கோப்பை வைக்கிற சத்தம். பலகை ஒன்று முனகியது. பிறகு அவர் குரல், எங்கோ தள்ளி நின்று, யாரிடமோ: "பால் கொண்டு வந்தியா?"

அதோடு முடிந்துவிட்டது.

உடனே முதலாளியம்மாவைக் கூப்பிட்டேன். அவருக்கு முந்தின நாளே தெரிந்திருந்தது. அடுப்படியில் விழுந்து கிடந்தவரைப் பக்கத்துப் படகுக்காரர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பாம்.

ஒரு மாதம் கழித்து அவர் மகள் பேசினாள். என் வயதுதான் இருக்கும். படகை விற்கப் போகிறாளாம். விளம்பரத்தில் போட என்னென்ன பழுது என்று கேட்டாள். பதிவைப் படித்துக்கொண்டே போனேன். 'காலையில் இடப்பக்கம் சாய்கிறது, காரணம் தெரியவில்லை' என்ற வரியையும் படித்தேன்.

"அது என்ன?" என்றாள்.

சொல்வதா வேண்டாமா என்று இருந்தது. சொன்னேன். மூன்றாம் பதிவையும் அனுப்பினேன். இரண்டு நாள் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. தப்புச் செய்துவிட்டேன் என்று சோறு இறங்கவில்லை எனக்கு.

மூன்றாம் நாள் கூப்பிட்டாள். "அப்பாவோட சாம்பலை அந்தக் கல்பாலத்துக்கிட்டக் கொண்டு போகணும். அவர் படகிலயே. நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்."

முதலாளியம்மா அவளுக்கு ஒரு மணி நேரம் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். கரையில் இறங்கி உதவ ஒரு சிநேகிதி கூட வந்தாள். வழியில் ஒரே ஒரு லாக்தான். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு போட்ட கல்தொட்டி. தண்ணீரை வடித்துப் படகைக் கீழ் மட்டத்துக்கு இறக்குவார்கள். அங்கே போனதும் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். போனைப் படகுக் கூரைமேல் வைத்திருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கல்சுவரில் மோதிக் கேட்டது.

"பின்பக்கக் கதவுக்குக் கீழே தண்ணிக்குள்ள ஒரு கல்படி இருக்கு," என்றேன். "தண்ணி இறங்கும்போது படகோட பின்பாகம் அதுல உட்கார்ந்துடக் கூடாது. சுவர்ல வெள்ளைக் கோடு தெரியுதா? அதுக்கு முன்னாலயே நில்லுங்க."

"தெரியுது."

"உங்க சிநேகிதிய மடையை மெதுவாத் திறக்கச் சொல்லுங்க. பாதி போதும்."

படகு இறங்கியது. சுவர் உயர உயர அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆனது. நான் சுக்கானைப் பிடித்திருப்பது போல மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தேன். அம்மா கதவோரம் வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் பலகை ஒன்று முனகியது. சட்டென்று அவள் பேச்சு நின்றது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"என் சிநேகிதி மேலதானே நிக்கிறா?" என்றாள், தனக்குத்தானே கேட்பதுபோல. பிறகு, "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. கதவு திறக்குது" என்றாள்.

சாம்பலைக் கரைத்துவிட்டு ஒரு வரிச் செய்தி அனுப்பினாள். படகை அவள் விற்கவில்லை. வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அதிலேயே குடியேறினாள். பதினாலு நாளைக்கு ஒருமுறை நகர்கிறாள். பாட்டரி, கழிவுத் தொட்டி, என்ஜின் என்று ஏதாவது பழுதென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறாள். பெரும்பாலும் அவளுக்குக் காலை நேரம், எனக்கு வெயில் சாய்கிற நேரம். பேசிக்கொண்டே இருப்பாள். நடுவில் ஒரு தடவை நிறுத்திவிடுவாள். என்னவென்று நான் கேட்பதில்லை. அவளும் சொன்னதில்லை. மறுபடி அவளாகப் பேசுகிற வரைக்கும் போனைக் காதில் வைத்தபடி இருக்கிறேன்.