இரண்டு கொம்பு கிட்டாரும் என் படகு மரமும்

பெலேம் நகரத்தில் குவாமா பேட்டையில் இறங்கி, கிட்டார் மேஸ்திரி பென்வீந்து வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். நாய்கூட முன்னால் ஓடி வழி காட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த எழுபத்தொரு வயதுக்குள் நூற்றுப் பன்னிரண்டு எலக்ட்ரிக் கிட்டார் என் கையால் செய்திருக்கிறேன். அதில் ஒன்றே ஒன்று தோற்றது. அதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

என் அப்பா அபாயெத்தெத்துபா என்ற ஆற்றோர ஊரில் படகு கட்டியவர். பத்து வயதில் பலகை இடுக்கில் பஞ்சு அடைத்தேன். பன்னிரண்டில் எந்த மரம் தண்ணீருக்கு வளையும், எது வளையாது என்று தட்டிப் பார்த்தே சொல்வேன். பதினாறில் பெலேம் வந்து துறைமுகச் சந்தையில் அசாயிப் பழக்கூடை சுமந்தேன். ஒருநாள் நடனத்துக்கு வாசிக்கிற ஒரு இசைக் குழுவின் கிட்டார் கழுத்து முறிந்து கிடந்தது. ஊரிலிருந்த நான்கு கடைக்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள். நான் படகுக்குப் போடுகிற இணைப்பைப் போட்டு ஒட்டினேன். அது இன்றைக்கும் நிற்கிறது. ஒட்டியவன் இருக்கிறேன், முறித்தவன்தான் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் பழுது பார்த்தே பெயர் வாங்கினேன். சொந்தமாகச் செய்யவும் செய்தேன். எங்கள் ஆற்றில் பெயரில்லாத படகு ஓடாது. என் கிட்டாரும் அப்படித்தான். தலைப் பகுதியில், படகுக்கு எழுதுகிற அதே நிழல் வைத்த கொட்டை எழுத்தில் நானே பெயர் எழுதுவேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போது செய்திருந்தது பத்தொன்பதுதான். அவை எல்லாம் தேவாலயப் பாட்டுக் குழுக்களுக்கும் பழகுகிறவர்களுக்கும் போனவை. மேடையில் முன்னால் நின்று வாசிக்கிற ஒருத்தரும் என் கிட்டாரைத் தோளில் மாட்டியதில்லை. பழுதென்றால் பென்வீந்து, வாங்குவதென்றால் வெளிநாட்டு மாடல். அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், மழைக்குப் பிறகு, ஒடினேயா வந்தாள். எங்கள் ஊரில் மணி சொல்லி யாரும் யாரையும் சந்திப்பதில்லை. பிற்பகல் மழை தவறாமல் வரும்; அதற்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் பேச்சு. ஒடினேயா ‘மின்னல்’ நடன இசைக் குழுவின் முன்னணிக் கிட்டார்காரி. அவள் விரல் ஓடினால் நொண்டியும் ஆடுவான். அவளிடம் இருந்தது பழைய அமெரிக்க மாடல், உடலில் கழுத்துக்கு இருபுறமும் இரண்டு கொம்பு வைத்தது. இளவயதில் ஒரு கப்பல் சமையல்காரரிடம் வாங்கியது. அப்படியொரு மணியான சத்தம் அதற்கு. ஆனால் வயதாகிவிட்டது. மழை ஈரம் பட்டால் கழுத்து வளையும், சுதி ஓடும். மாதத்துக்கு ஒரு தடவை என் மேசையில் வந்து படுக்கும்.

"மேஸ்திரி, இது முதுகு ஒடிஞ்ச கழுதை ஆயிடுச்சு. வர்ற மாசம் குழுவோட முப்பதாம் வருஷ நடனம். அதோட ஒரு முடிவு எடுக்கணும். இனி சாகிற வரைக்கும் ஒரே கிட்டார்தான்."

"என்னோடத எடு."

கூட வந்திருந்த பேஸ் கிட்டார்காரன் வால்டெனோர் சிரித்துவிட்டான். "ஐயையோ, மேஸ்திரி! அப்புறம் நாங்க மேடையில துடுப்பு போடணுமா?"

"நீ வாசிக்கிற பேஸுக்குத் துடுப்பே போதும்டா" என்றேன்.

ஒடினேயா மட்டும் சிரிக்கவில்லை. "செஞ்சு கொண்டாங்க. ஒரு சுற்று இதுல, ஒரு சுற்று அதுல. கடைசிச் சுற்றுக்கு என் கை எதை எடுக்குதோ அதான் என் கிட்டார்."

அவள் எடுத்தால் ஆற்றோரத்தில் இருக்கிற அத்தனை குழுவும் என் வாசலுக்கு வரும். எடுக்காவிட்டால் சாகிறவரை நான் ரிப்பேர்காரன்.

நான் சும்மா இருப்பேனா? உலகத்தில் ஒருத்தரிடமும் இல்லாத உருவம் வேண்டும் என்று, பிராருகூ என்கிற எங்கள் ஆற்றுப் பெரிய மீன் வளைந்து துள்ளுகிற மாதிரி உடலைச் செதுக்கினேன். கொம்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. செதில் செதிலாகச் சிப்பி பதித்தேன். கழுத்துக்கு இத்தாவுபா மரம் போட்டேன். படகின் அடிக்கட்டைக்குப் போடுகிற மரம் அது. நூறு வருஷம் தண்ணீரில் கிடந்தாலும் வளையாது. ஈரத்தால்தானே இவளுக்குத் தொல்லை? அந்தத் தொல்லையை வேரோடு பிடுங்கிவிட்டேன் என்று நினைத்தேன். தலையில் ‘ஆற்றரசன்’ என்று சிவப்பிலும் நீலத்திலும் எழுதினேன்.

தோள்வார் தைத்தவள் என் மனைவி க்ரெயுசா. நீளம் பார்க்கத் தன் தோளில் மாட்டி, கையை எடுத்தாள்.

"என்னங்க, இது தூங்கி வழியுதே. தலை கீழ போகுது."

"நீ தைக்கிறதைத் தை."

"தைக்கிறேன், தைக்கிறேன். விழுந்தா ஒட்டுறது நீங்கதானே."

நடனம் நகரத்து ஓரத்தில் இருக்கிற இக்கொராசியில், ஒரு ஞாயிறு பிற்பகல். மழை கொட்டி ஓய்ந்ததும் கூடம் நிறைந்தது. மூங்கில் வேலிப் பக்கம் தக்காக்கா சூப் விற்பவள் சுரைக்காய் ஓட்டுக் கிண்ணங்களை அடுக்க, ஒடினேயா பழைய கிட்டாரில் தொடங்கினாள். இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை நின்று சுதிச் சாவியைத் திருகினாள். நான் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு என் ஆற்றரசனை மாட்டினாள். முதல் கம்பியைத் தொட்டாள் பாருங்கள்! ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்தது சத்தமா, வெள்ளப்பெருக்கா? கிழவர்கள் பியர் குப்பியை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஆறு பாட்டு ஆயிற்று, சுதி ஒரு மயிரிழை நகரவில்லை. நான் வால்டெனோரைப் பார்த்து மீசையைத் தடவினேன்.

ஒடினேயாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டு வரிசையை மாற்றத் தோன்றினால், ஒரு பாட்டு முடியப்போகிற நேரத்தில் வலது கையால் கம்பியை அதிரவிட்டு, இடது கையை உயரத் தூக்கி, அடுத்த பாட்டு எத்தனையாவது என்று டிரம்காரனுக்கு விரல் காட்டுவாள். ஏழாவது பாட்டில் அப்படித் தூக்கினாள். கழுத்தைப் பிடித்திருந்த கை போனதும் ஆற்றரசன் தலையைத் தொங்கப்போட்டு, சாவிகளோடு போய் டிரம்மின் பித்தளைத் தட்டில் மோதியது. ஜங்! முடிவுக்கு அடையாளம் என்று நினைத்த டிரம்காரன் பாட்டையே நிறுத்திவிட்டான். ஆடிக்கொண்டிருந்த இருநூறு பேரும் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"மேஸ்திரி! படகு மூக்கு வழியா முழுகுது! தண்ணி இறைக்க ஆள் அனுப்பட்டுமா?" என்று வால்டெனோர் மைக்கிலேயே கேட்டான். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. க்ரெயுசா மட்டும் சிரிக்காமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிச் சுற்றுக்கு ஒடினேயா பழையதை எடுத்தாள். இறங்கி வந்து என் கையில் ஆற்றரசனைக் கொடுத்தாள். "சத்தம் உங்களோடது ஜெயிச்சுது மேஸ்திரி. ஆனா ராத்திரி முழுக்க அழுவுற பிள்ளைய இடுப்புல வச்ச மாதிரி என் இடது கை செத்துப்போச்சு. தூக்கிப் பிடிக்கவா, வாசிக்கவா?"

வேறொருவனாக இருந்தால் அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்லியிருப்பான். நான் மறுநாள் மழைக்கு முன்னால் வெறுங்கையோடு அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

"உன் கிட்டாரை மூணு நாள் குடு."

"அதான் நூறு தடவை பார்த்திருக்கீங்களே?"

"ரிப்பேர்காரனா பார்த்தேன். செய்யறவனா இன்னும் பார்க்கல."

காகிதத்தில் படுக்க வைத்து ஓரத்தை வரைந்தேன். வாழ்க்கையில் அடுத்தவன் உருவத்தை நான் வரைந்தது அன்றுதான். கொம்பு அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன். இல்லை. மேல் கொம்பு நீண்டு போய், தோள்வார் மாட்டும் ஆணியைக் கம்பிகளின் நடுப் புள்ளிக்கு நேராகக் கொண்டுபோகிறது. தராசுக்கு நடுமுள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. இதை வரைந்தவன் யாரோ, அவனும் மேடைக்காரர்களிடம் திட்டு வாங்கித்தான் கற்றிருப்பான். என் இத்தாவுபா கழுத்தோ இரும்புக் கனம். மிதக்கிற பொருளுக்கு அடியில் கனம் வேண்டும். தோளில் தொங்குகிற பொருளுக்குத் தலையில் கனம் கூடாது. ஆற்றைத் தெரிந்தவன் தோளை மறந்துவிட்டேன்.

ஆனால் மரம் விஷயத்தில் அதை வரைந்த ஆளுக்கு என் ஊர் மழை தெரியாது. அது எனக்குத் தெரியும். அவன் உருவத்தை எடுத்துக்கொண்டேன். கழுத்தை லேசான செடார் மரத்தில் செய்து, நடுவில் மட்டும் விரல் அகலத்துக்கு இத்தாவுபாவை அடிக்கட்டை மாதிரி வைத்து ஒட்டினேன். சிப்பி, செதில் எதுவும் இல்லை. க்ரெயுசாவின் தோளில் மாட்டி, "கையை எடு" என்றேன். எடுத்தாள். அசையவில்லை. "இப்ப முழிச்சுக்கிட்டிருக்கு" என்றாள்.

தலையில் பெயர் எழுதவில்லை. முன்னாலேயே எழுதி ஒரு தடவை மானம் போனது போதும்.

அடுத்த மாதம் மொஸ்கேய்ரோ கடற்கரை மன்றத்தில் நடனம். பாட்டுக்கு நடுவிலேயே மழை தகரக் கூரையில் இறங்கியது, சாரல் மேடைவரை வந்தது. ஒடினேயா மாட்டியிருந்தது நான் செய்த புதியதைத்தான்; ஒரு தடவைகூடச் சாவியைத் தொடவில்லை. பழையது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கடைசிச் சுற்று வந்தது. அவள் குனிந்து மாற்றவில்லை. இடது கையைத் தூக்கி நான்கு விரல் காட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, வலது கையையும் தூக்கினாள். இரண்டு கையும் வானத்தில், கம்பிகள் அதிர்ந்துகொண்டிருக்க, கிட்டார் அவள் வயிற்றில் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது.

"மேஸ்திரி, இதுக்கு என்ன பேரு?" என்று மைக்கில் கேட்டாள்.

"இன்னும் வைக்கல."

"அப்ப நான் வைக்கிறேன். ‘கைவிட்டாலும் சாயாது’."

மறுநாளே சிவப்பு எழுத்தில், மஞ்சள் நிழல் வைத்து எழுதினேன். இடம் போதாமல் இரண்டு வரியாக எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து உலர வைத்திருக்கும்போது வாசலில் வால்டெனோர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"மேஸ்திரி, எனக்கு ஒரு பேஸ்..."

"வேலை இருக்கு. மழைக்கு அப்புறம் வா."

அன்றைக்குப் பார்த்து மழை ஐந்து மணிக்குத்தான் வந்தது. எதிர்த் தின்பண்டக் கடையில் உட்கார்ந்து அவன் அதுவரை காத்திருந்தான்.