வீட்டுக்கடன் விசாரணைக்கு வந்தவர்

வீட்டுக்கடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அதற்கான காரணம் வங்கியிடமோ தரகரிடமோ இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். என் மகளின் விண்ணப்பம் மறுக்கப்பட்டபோது நானும் அவ்வாறே நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் சிலரை வாய்விட்டுக் குற்றமும் சாட்டினேன். கடன் வாங்கி வீடு வாங்க முனையும் குடும்பங்களுக்கும், அவர்களை அழைத்துச் செல்லும் தரகர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே இங்கே பதிவு செய்கிறேன்.

சென்ற ஆண்டு கோடை தொடங்கிய நேரம். செகந்திராபாத் மாரெட்பள்ளியில், பழைய அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் நானும் என் மகளும் வாடகைக்குக் குடியிருந்தோம். நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். மகள் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறாள். குகட்பள்ளியில் ஒரு வீடு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவளுடைய சேமிப்பையும் என் ஓய்வூதியப் பயனில் பெரும்பகுதியையும் சேர்த்து முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதினோம். மாத இறுதிக்குள் வங்கிக் கடன் வந்துவிட வேண்டும். வராவிட்டால் வீடும் இல்லை, முன்பணமும் திரும்பாது. விற்பவர் விதித்த நிபந்தனை அது. எனக்கு ஒவ்வாத நிபந்தனைதான். வீட்டின் மீதிருந்த ஆசையால் மகள் கையெழுத்திட்டாள்.

வீட்டைக் காட்டியவரும் கடனுக்கு ஏற்பாடு செய்தவரும் ஒரே தரகர். தெலுங்கர், சென்னையில் சில காலம் இருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். முதல் நாளிலிருந்தே அவர்மீது எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. வங்கிகள் பல இருக்க, ஒரு குறிப்பிட்ட வங்கியையே அவர் வற்புறுத்தியது ஏன்? நான் கேட்கும் கேள்விக்கு மகளைப் பார்த்து விடை சொல்வது ஏன்? போதாக்குறைக்கு, ஒருநாள் நான் தனியே அந்த வீட்டைப் பார்த்துவரச் சென்றபோது, அவர் வேறொரு தம்பதியை அங்கிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியதாக எனக்குத் தோன்றிற்று.

மறுவாரம் கடன் மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. மகளின் வருமானத்திலோ பழைய கடன் வரலாற்றிலோ எந்தக் குறையும் இல்லை. என் மனத்தில் கணக்கு நேராகி விட்டது: கூடுதல் விலைக்கு ஆள் கிடைத்துவிட்டது, தரகர் வங்கியில் ஒருவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு எங்கள் கடனைத் தடுத்துவிட்டார், முன்பணத்தில் விற்பவரோடு பங்கும் பேசியிருப்பார். தரகரை வீட்டுக்கு வரவழைத்து இவற்றை ஒன்றுவிடாமல் முகத்துக்கு நேரே சொன்னேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க என்னைய திருடன்னு முடிவே பண்ணிட்டீங்க, சார். பரவால்ல. ஆனா திருடனுக்கும் இந்த லோன் வந்தாத்தான் கமிஷன்" என்றார்.

"அந்தத் தம்பதி யார்?" என்றேன்.

"உங்க லோன் ஊத்திக்கிச்சுன்னா வேற பார்ட்டி வேணும்ல? தொழில் சார் இது."

இந்த விடை என் ஐயத்தைப் போக்கவில்லை, வளர்க்கவே செய்தது.

மகள் வங்கிக் கிளைக்குப் பலமுறை நடந்தாள். கடைசியில் ஓர் அலுவலர் மனமிரங்கிக் காரணத்தைச் சொன்னார். வீட்டுக்கடன் கொடுக்குமுன் வங்கி தன் சார்பில் ஒருவரை, முன்னறிவிப்பு ஏதுமின்றி, விண்ணப்பித்தவர் குடியிருக்கும் இடத்துக்கு அனுப்பும். வெரிஃபிகேஷன் என்று அதற்குப் பெயர். அப்படி எங்கள் அடுக்ககத்துக்கு ஒருவர் வந்து சென்றிருக்கிறார். 'இம்முகவரியில் அப்படி எவரும் இல்லை. அண்டை வீட்டார் எவரும் அறியார்' என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

அப்பட்டமான பொய்! வந்தே பார்க்காமல் எழுதிய அறிக்கை. எழுதச் சொன்னவர் தரகர். இனி எனக்கு வேண்டியது ஒரு சாட்சி மட்டுமே. நேரே கீழ்வீட்டுக்குச் சென்றேன். அங்கே இருந்த அம்மையாரின் தந்தையார் ரயில்வே பணிமனை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அம்மையார் பகலெல்லாம் வாயிலை நோக்கியே அமர்ந்திருப்பார். அவருக்குத் தெரியாமல் எவரும் படியேற முடியாது. ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு' என்று அவர் தமிழில் உள்ளூர் உருது கலந்திருக்கும். எங்களை விசாரித்து எவரும் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்திட முடியுமா என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஹவ் சார், வந்தானே! கழுத்துல கார்டு மாட்டிக்கிட்டு ஒருத்தன். நீங்க கண் டாக்டர்ட்ட போயிருந்தீங்க பாருங்க, அன்னிக்கு. 'மேல அந்த மேடம் இருக்காங்களா, எவ்ளோ வருஷமா இருக்காங்க'ன்னு நைசா கேக்குறான். நான் விடுவேனா? அப்படி யாருமே இங்க இல்லன்னுட்டேன். வாட்ச்மேனும் அதேதான் சொன்னான். மூணாவது மாடியில நக்கோன்னு கதவையே சாத்திட்டாங்க. ஒருத்தர்கூட வாய் தொறக்கல சார். நீங்க நிம்மதியா இருங்க!"

கையெழுத்துக்காகக் கொண்டுபோன தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவர்கள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் நானே. அதற்குச் சில மாதங்களுக்கு முன், எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவரைக் காவல்துறையினர் என்று சொல்லித் தொலைபேசியில் மிரட்டி, அவர் சேமிப்பு முழுவதையும் எவரோ பறித்துக்கொண்டனர். அவர் குடும்ப விவரங்களை அண்டை வீட்டாரிடம் பேச்சுக்கொடுத்தே திரட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். உடனே எங்கள் அடுக்ககத்தாரை மொட்டைமாடியில் கூட்டி, எங்களைப் பற்றி எவர் வந்து கேட்டாலும், எந்த அட்டையைக் காட்டினாலும், அப்படி எவரும் இங்கில்லை என்று சொல்லிவிடுங்கள் எனக் கேட்டுக்கொண்டேன். அத்தனை பேரும் தலையசைத்தார்கள். ஒப்புக்கொண்டபடியே நடந்தும் காட்டிவிட்டார்கள்.

மாத இறுதி நெருங்கிவிட்டது. மகள் மன்றாடியதால், இன்னொருமுறை ஆளனுப்ப வங்கி இசைந்தது. எந்த நாள் என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டது. நான் வீடு வீடாகச் சென்று என் பழைய வேண்டுகோளைத் திரும்பப் பெற்றேன். அது அவ்வளவு எளிதாக இல்லை. மூன்றாம் தளத்துக்காரர் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கேட்டார். கீழ்வீட்டு அம்மையாரோ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கைக்கு சார் இப்ப மாத்திச் சொல்றீங்க? யாராச்சும் போன்ல மிரட்டிப் பேச வைக்கிறாங்களா? கண்ண மட்டும் சிமிட்டுங்க, போதும்."

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. என் எதிரிலேயே மகளின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "அப்பா நல்லாத்தான் இருக்காரு ஆன்ட்டி. இந்த ஒரு தடவை அவர் சொல்றதக் கேளுங்க" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. அவள் குரலில் சிரிப்பு இல்லை.

இரண்டு நாள் கழித்து வங்கியின் ஆள் வந்தார். இம்முறை நான் இருந்தேன். அவரைப் படியிலேயே நிறுத்தி அடையாள அட்டையைக் கேட்டேன். அவர் கொடுத்த எண்ணை விடுத்து, என் மகளின் கணக்குப் புத்தகத்தில் இருந்த எண்ணில் கிளையை அழைத்து, இவர் நீங்கள் அனுப்பியவர்தாமா என்று உறுதி செய்துகொண்டேன். பொறுமையாக நின்றிருந்த அவர், 'போனமுறை இந்த வீட்டில் ஆளே இல்லை என்றார்கள். இந்தமுறை ஆள் இருக்கிறார், நான்தான் யாரோ' என்று தெலுங்கில் சொன்னார். பிறகு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சொல்லலாமா சார்?" என்று அம்மையார் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையசைத்தேன். அதன்பின் அவரை நிறுத்த முடியவில்லை. நாங்கள் குடிவந்த ஆண்டு, மகள் வேலை முடிந்து திரும்பும் நேரம், நான் எவரையும் நம்பாதவன் என்பது வரை சொல்லி முடித்தார். வந்தவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியாகச் சொன்னதையும் எழுதினாரா என்பது தெரியவில்லை.

மாதம் முடிவதற்குள் கடன் வந்தது. பத்திரப் பதிவும் நடந்தது. தரகரிடம் வருத்தம் தெரிவித்தேன். கமிஷனை வாங்கிக்கொண்டு சிரித்தார். அந்தத் தம்பதியைப் பற்றிய என் ஐயம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐயப்படுவதை நான் விட்டுவிடவில்லை. இக்காலத்தில் விடவும் கூடாது. ஐயம் எழுந்தால் வந்தவரை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். நான் செய்ததோ, என்னை நம்பியவர்களைப் பொய் சொல்ல வைத்தது.

இப்போது குகட்பள்ளியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்கள் தளத்தில் கதவுகள் எப்போதும் மூடியே இருக்கின்றன. பக்கத்து வீட்டாரின் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. இங்கே எவரேனும் வந்து எங்களைப் பற்றி விசாரித்தால், தெரியாது என்றுதான் சொல்வார்கள். அது பொய்யாகவும் இராது. ஏனென்று கேளாமல் ஓர் அடுக்ககமே எங்களுக்காகக் காவல் நின்ற இடத்தை விட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்பதை, கதவைத் தாழிடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

வங்கி நடைமுறை பற்றி நான் எழுதியவை ஒரு குடும்பத்தின் பட்டறிவு மட்டுமே. துறை அறிந்தோர் இதில் பிழை காணின், தயங்காது திருத்தி உதவ வேண்டுகிறேன்.